நோரீனின் மூலை

சிட்னிக்குத் தெற்கே, பாறையில் வெட்டிய அந்தக் கடல் குளத்துக்குக் காலை ஆறரை மணிக்குக் கிளெனிஸ் வந்தபோது, பெவ்வும் மற்ற இரண்டு தோழிகளும் நீச்சலுடையில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஜூலைதான் குளிர்காலம்; கடுங்குளிர். பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியவில்லை.

"நோரீன் இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு சுத்து முடிச்சிருப்பா," என்றாள் பெவ். "நாம பாரு, நனைஞ்ச கோழியாட்டம் நிக்கிறோம்."

நோரீன் இறந்து இன்றோடு ஒரு வருடம்.

பனி நாட்களுக்கென்று அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு எண். கரையேறியதும் அவரவர் எண்ணை வரிசையாகச் சொல்ல வேண்டும். ஐந்தும் வந்த பிறகுதான் டீ. நோரீனுக்கு ஆழமான மூலையில் மிதப்பதென்றால் உயிர். ஒருநாளும் நேரத்துக்கு ஏறமாட்டாள். டீ ஆறுகிறதே என்று கிளெனிஸே பனிக்குள்ளிருந்து அவள் குரலில் "நாலு" என்று குரல் கொடுத்துவிடுவாள். சற்று நேரத்தில் நோரீன் சிரித்துக்கொண்டே வந்து நிற்பாள்.

போன வருடம் இதே நாளிலும் கிளெனிஸ்தான் "நாலு" சொன்னாள். நோரீன் வரவில்லை. அந்த மூலையில் குப்புற மிதந்தாள்.

எண் சொல்லிவிட்டு மறுபடி இறங்கியிருப்பாள் என்றே எல்லோரும் நம்பினார்கள். கிளெனிஸ் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கங்கெட்ட மௌனம் ஒரு வருடமாக அவளைத் தூங்கவிடவில்லை. இன்று டீ குடிக்கும்போது சொல்லிவிடுவதென்றுதான் வந்திருந்தாள். அதற்கு முன் நோரீனிடம் சொல்ல வேண்டும்.

எல்லோரும் தண்ணீரில் இறங்கியதும் தனியே அந்த மூலைக்கு நீந்தினாள். அழுகிய கடற்பாசி நாற்றம். பிடித்துக்கொள்ளக் கட்டியிருந்த சங்கிலி சுவரில் உரசும் ஓசை. தண்ணீர் அங்கே மட்டும் எலும்பு வரை குளிர்ந்தது.

"அன்னிக்கு நான்தான்டி சொன்னேன்," என்று கிசுகிசுத்தாள். "மன்னிச்சிடு நோரீன்."

சங்கிலி ஓசை நின்றது.

அவள் கணுக்காலை விரல்கள் சுற்றிக்கொண்டன.

படிக்கட்டுப் பக்கமிருந்து பெவ்வின் குரல் கேட்டது. "ஏறியாச்சாடி? ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

நோரீனுக்காக ஒரு கணம் விட்டார்கள்.

கிளெனிஸ் காலை உதறினாள். பிடி இறுகியது. கத்த வாயைத் திறந்தாள். அலை சுவரைத் தாண்டி வந்து முகத்தில் விழுந்தது.

"அஞ்சு," என்று படிக்கட்டிலிருந்து யாரோ சொன்னார்கள்.

கிளெனிஸின் குரல் அது. குளிரில் பல் தந்தியடிக்கும் அவளுடைய சொந்தக் குரல்.

"எல்லாரும் ஏறியாச்சு," என்றாள் பெவ். "கிளெனிஸ், பிளாஸ்க்கைத் தொற. ஆறிடப்போகுது."

"தோ வரேன்," என்றது அந்தக் குரல்.

"நான் இன்னும் ஏறலடி..."

பாதி வார்த்தை தண்ணீருக்குள் போனது. கரையில் யாரோ சிரித்தார்கள். டீ ஊற்றும் ஓசை கேட்டது.