மறுபடியும் செத்தது பேட்டரி!

செல்போன் அலறியது.

கோர்ட் வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஸ்டுடியோக்காரி பதறிப் போய் எடுத்தாள்.

அவளைத் தெருவே அப்படித்தான் கூப்பிடும். எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து கான்ட்ராக்டர் தன் மேஸ்திரியைப் பிடித்துத் தள்ளிக் கொன்றதை, தன் போட்டோ ஸ்டுடியோ ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரே சாட்சி. இன்னும் சற்று நேரத்தில் கூண்டில் ஏறி அதைச் சொல்ல வேண்டும்.

"ஹலோ?"

"உன் புருஷன் எங்ககிட்ட இருக்கான்!"

கரகரத்த குரல்.

"யா... யாரு?"

"அது உனக்கு எதுக்கு? உன் கார்லயே கட்டிப் போட்டு வெச்சிருக்கோம். நீ கான்ட்ராக்டரைக் கை காட்டினே... அடுத்த நிமிஷம் அவன் உயிரோட இருக்க மாட்டான்!"

பின்னால், "ம்ம்ம்... ம்ம்!" என்று ஒரு முனகல்.

லைன் செத்தது.

அந்தப் பாழாய்ப் போன ஹைப்ரிட் கார்! இந்த வாரம் மட்டும் எத்தனை தடவை பேட்டரி செத்திருக்கும்? புதுசு மாற்றியாயிற்று. அதுவும் செத்தது. "வண்டியில ஒரு குறையும் இல்லக்கா" என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டான். இன்று காலையிலும் அவள்தான் பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கேபிள் போட்டு உயிர் கொடுத்தாள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த கணவன், "மெக்கானிக்கிட்ட காட்டிட்டு நேரா கோர்ட்டுக்கு வந்துடறேன்" என்று ஓட்டிக்கொண்டு போனான்.

போனவன் மாட்டிக்கொண்டான்.

வழக்கை விசாரித்த பெண் இன்ஸ்பெக்டர் அருகில் வந்தார்.

"என்னம்மா, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"ஒ... ஒண்ணுமில்ல மேடம்."

மறுபடி போன்! அதே கரகரப்பு.

"ஏய், என்ன வண்டி இது? கிளம்பவே மாட்டேங்குது!"

"என்னது?"

"பட்டனை அமுக்கினா டிக் டிக்னு சத்தம்தான் வருது. வாட்ச்மேன் வேற வந்து வண்டியை எடு எடுன்னு கண்ணாடியைத் தட்டறான்!"

கடத்தல்காரன் கிட்டத்தட்ட அழுதான்.

"வண்டியை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. நிறுத்திட்டுப் பாட்டு கேட்டுட்டு இருந்தோம். ஏசி கூட வரல."

"பாட்டா?"

"ஆமா, பழைய பாட்டு. கண்ணை மூடிக்கிட்டு ஸ்டியரிங்ல தாளம் வேற..."

சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சரி. முன் கண்ணாடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கு பாரு. வழியில நின்னா உதவிக்கு வர்ற வண்டியோட நம்பர். கூப்பிடு, வருவாங்க."

"எங்களை மாட்டிவிடப் பாக்கறியா?"

"அப்ப இறங்கித் தள்ளு! ஆனா நகராது. கியர் மாத்தறதுக்கே அதுக்குக் கரன்ட் வேணும்!"

வைத்தாள். இன்ஸ்பெக்டரின் காதில் என்னவோ கிசுகிசுத்தாள். போனை அவர் கையில் திணித்தாள்.

உள்ளே அவளை அழைத்தார்கள்.

கூண்டில் ஏறினாள். எதிரே கான்ட்ராக்டர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. 'சொல்லிடுவியா?' என்று கண்ணாலேயே கேட்டுச் சிரித்தான்.

அரசு வக்கீல் கேட்டார்.

"மேஸ்திரியைத் தள்ளினவர் இந்த கோர்ட்ல இருக்காரா?"

கான்ட்ராக்டர் மெல்லத் தலையை ஆட்டினான்... வேண்டாம்!

அவள் கையைத் தூக்கினாள்.

"இருக்காரு. இதோ, இவர்தான்! ரெண்டு கையாலயும் தள்ளினாரு. அவர் விழுந்த அப்புறம் எட்டிப் பார்த்துட்டு, கையில இருந்த சிமென்ட்டைத் தட்டிவிட்டுட்டுப் போனாரு!"

"அடிப்பாவி! உன் புருஷன் செத்தான்டி!" என்று கத்திய கான்ட்ராக்டர், அடுத்த விநாடியே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"அவங்க புருஷனுக்கு என்னய்யா ஆச்சு? உனக்கு எப்படித் தெரியும்?"

கான்ட்ராக்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் வெளியே வந்தபோது, வராந்தாவில் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே கணவன் நின்றிருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மணிக்கட்டில் கயிறு பட்ட தடம் இல்லை. பக்கத்தில், விலங்கு மாட்டிய ஒரு தடியன்.

"தள்ளிப் பாத்து முடியாம உதவி வண்டியைக் கூப்பிட்டிருக்காங்க. கார் உங்க நம்பர்ல பதிவாகியிருக்கறதால, உடனே இடம் உங்க போனுக்கு வந்துடுச்சும்மா. அள்ளிட்டு வந்துட்டோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

கணவன் பாய்ந்தான்.

"என்னைக் கொன்னிருந்தா என்னடி பண்ணியிருப்பே?"

"கையைக் கட்டிப் போட்ட ஆளு ஸ்டியரிங்ல தாளம் போடுவாராங்க?"

அவன் மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"பிரேக்கை மிதிச்சு பட்டனை அமுக்குங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? அப்பதான் ஏசி வரும், வண்டியை ஓட்டற பெரிய பேட்டரி சின்னதுக்கு சார்ஜ் ஏத்தும். மிதிக்காம அமுக்கினா பாட்டு மட்டும்தான். சின்ன பேட்டரி தீந்து போய்டும். இந்த வாரம் பூரா எங்கயோ வண்டியை நிறுத்தி, வெளிய பேச்சு கேக்காம இருக்கப் பாட்டைப் போட்டு, இவனோட உக்காந்து திட்டம் போட்டிருக்கீங்க!"

"உனக்காகத்தான்... கான்ட்ராக்டர் உன்னை ஏதாவது பண்ணிடுவாரோன்னு பயந்து..."

"சார்! பொய் சொல்லாதீங்க!" தடியன் கரகரத்தான். "மூணு பெட்ரூம் ஃபிளாட் குடுத்தா பொண்டாட்டி வாயை நான் அடைக்கறேன்னு நீங்கதானே வந்து கேட்டீங்க!"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. இந்த ஆளுக்காகவா? போயும் போயும்?

"இவரை என்னம்மா செய்யலாம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"பெரிய கேட்டு, வாசல்ல இருபத்திநாலு மணி நேரமும் செக்யூரிட்டி இருக்கற இடமா வேணும்னு ரொம்ப நாளா ஆசைப்பட்டாரு மேடம்... குடி வெச்சிடுங்க!"