டிக்கட் வேண்டாத பிள்ளை

"தங்கச்சி செத்தப்ப நீ ஏன்டி அழல?"

காரியம் முடிந்த அன்று, தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டுக்காரி ஒருத்தி எல்லார் முன்னாலும் துஷாந்தியிடம் இப்படித்தான் கேட்டாள். அம்மா அழுத அழுகையில் அந்த வீட்டில் வேறு யாரும் அழ இடமிருக்கவில்லை.

பிறகு அம்மா அழுவதையும் நிறுத்திவிட்டாள். பேச்சில்லை. பிசைந்த சோறு அப்படியே காய்ந்து கிடக்கும். அவளைத் தனியே விடப் பயந்து துஷாந்தி பள்ளிக்கூடத்தை விட்டாள். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பாப்பா கண்டி அரண்மனையப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்திச்சி. போயிட்டு வருவமா?" என்று அம்மா தானாகவே கேட்டபோது அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அம்மா திரும்பக் கிடைத்துவிடுவாள் என்று நம்பினாள். தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரத்தை அம்மாவுக்குக் கொடுத்தாள்.

ராணிமார் வாழ்ந்த மாளிகையின் வாசலில், டிக்கட் கூண்டின் பக்கம் குனிந்து அம்மா சொன்னாள்: "பெரியவங்க ரெண்டு. சின்னப்புள்ள ஒண்ணு."

பழக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று துஷாந்தி நினைத்தாள். ஆனால் டிக்கட்காரர் எட்டி, அம்மாவின் இடுப்புக்குக் கீழே பார்த்துச் சிரித்தார். "பபா சின்னதுதானே, அம்மே. பபாவுக்கு டிக்கட் வேணாம்."

உள்ளே நீண்ட தாழ்வாரம். வெளியே மத்தியான மழை ஓடுகளில் இரைந்து, முற்றத்துக் கல்லில் சொட்டி, பக்கத்து மாளிகாவைப் புத்த கோவிலிலிருந்து வந்த பறைச் சத்தத்தோடு கலந்து, எங்கிருந்து எது வருகிறதென்று தெரியாதபடி சுவர்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் அணைந்த விளக்குத் திரியும் சேர்ந்த ஒரு வாடை. அம்மா முன்னால் நடந்தாள். அவளுடைய இடது கை பக்கவாட்டில் கொஞ்சம் தாழ்ந்து, விரல்கள் பாதி மூடியிருந்தன. வேகத்தைக் குறைத்து, சின்ன எட்டாக வைத்து நடந்தாள். அவள் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம். வெறுங்கால். ஈரக்கால்.

எதிரே அபாயா அணிந்த ஒரு பெண், "மின்ஹா, ஓடாம வாங்க!" என்று மகளை அதட்டிக்கொண்டு வந்தாள். துஷாந்தியைக் கண்டதும் நின்றாள்.

"ஏன் மகள், தங்கச்சிட தல இப்பிடி நனஞ்சிக்கி? தொடச்சி உடுங்களே. காய்ச்சல் வந்துரும்."

காய்ச்சலில்தான் பாப்பா போனது. மின்ஹா தாயின் அபாயாவுக்குள் முகத்தைப் புதைத்து, "உம்மா, போவோம். உம்மா, போவோம்" என்று இழுத்தாள். அவர்கள் போய்விட்டார்கள்.

உள்ளறையில் ஆளில்லை. அம்மா ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று, "பாரு, ராணியோட சீப்பு" என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரலில் சிரிப்பிருந்தது. துஷாந்தி பக்கத்தில் போனாள். கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடியில் அவள். அம்மா. நடுவில் ஒன்று.

பாப்பாவுக்கு இரட்டைப் பின்னல். இதற்கு உச்சியில் இறுக்கிய கொண்டை. நீர் சொட்டியது. ஏதோ கனத்த நகை இழுத்துத் தொங்கிய காதுகள். சுவர் நிறத்தில் முகம். திறந்த வாய். உள்ளே வெறும் இருட்டு.

திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் பக்கத்தில் யாருமில்லை. தரை மட்டும் நனைந்திருந்தது.

"அம்மா," என்றாள். மறுபடி சொன்னாள். "அம்மா, அது நம்ம பாப்பா இல்ல."

"தெரியும்டி."

அம்மா சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன காலமா ஒருத்தர்கூட வந்து கையப் புடிக்கலயாம். பாவம்டி. எனக்கும் கை சும்மாதானே கெடக்கு."

பறை நின்றது. மழை நின்றது. சொட்டும் சத்தம் மட்டும். மிகப் பக்கத்தில்.

துஷாந்தி கையை நீட்டினாள். "என் கையப் புடிங்கம்மா. நாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம். நான் இருக்கேன்லம்மா."

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவளுடைய வலது கை மெல்ல அசைந்தது.

அம்மா குனிந்தாள். இரண்டு கைகளாலும் எதையோ அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சேலை அந்தப் பக்கம் கனத்து இறங்கியது.

பிறகு தாழ்வாரத்தில் நடந்தாள். அவளுடைய ரவிக்கையின் முதுகில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, ஐந்து சின்ன விரல்கள் ஈரமாகப் பதிந்தன. அழுந்தின. துணியைக் கொத்தாகப் பற்றின. அம்மா வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.