எட்டு இஞ்ச் தாங்காது

கணவன் தரணீதரன் கார் சாவியை உருவிக்கொண்டு தங்கள் கம்பெனிக்குள் போன பிறகும், பூங்குழலியின் இருக்கைக்கு அடியில் இருந்த அதிர்வு நிற்கவில்லை. முதலில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கார் நின்ற இடத்துக்கு நேர் பின்னால்தான் தையல் பகுதி. தகரக் கூரைக்குக் கீழே ஓவர்லாக் மெஷின்கள் விட்டுவிட்டு இரைவதும், அயர்ன் பெட்டிகளின் ஈரச் சூடும், புதுத் துணியின் சாயவாடையும் கதவிடுக்கு வழியாக எப்போதும் வருகிறவைதான். அந்த இரைச்சல் தரை வழியாக ஏறி வருகிறது என்று நினைத்தாள். பிறகு கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே ஊன்றிப் பார்த்தாள். தரை சும்மா கிடந்தது. இருக்கை மட்டும் துடித்தது.

பாட்டு ஓடவில்லை. ஓடினாலும் இந்தச் சத்தம் வர வழியில்லை. இருக்கைக்கு அடியில் மாட்டியிருந்த ஊஃபர், பாட்டின் கனத்த அடிச்சத்தத்தை மட்டும் தருகிற ஸ்பீக்கர், முந்தின நாளே கருகிவிட்டது.

அதை மாட்டிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பல்லடம் ரோட்டில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் சகாயராஜிடம், முன்னிருக்கைக்கு அடியில் அடங்குகிற மாதிரி ஒரு சின்ன எட்டு இஞ்ச் ஊஃபர் கேட்டது தரணீதரன். டிக்கியில் சேம்பிள் பெட்டிகள் வைக்க இடம் வேண்டும், ஆனால் சத்தத்தின் அடி மட்டும் பெரிய ஊஃபர் மாதிரி விழவேண்டும் என்றான். அதை ஓட்ட அவன் கை காட்டிய பெரிய ஆம்ப்ளிஃபயரைப் பார்த்ததும் சகாயராஜ் தயங்கினான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். வந்த வியாபாரத்தை மறித்துப் பேசுவது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் சொன்னான்.

"அண்ணே, டப்பால எண்ணூறு வாட்ஸ்னு போட்டிருக்கும். அது ஒரு அடிக்குத் தாங்குறது. நிக்காம ஓடுனா நூத்தம்பதுதான். இந்த ஆம்புக்கு எட்டு இஞ்ச் தாங்காது. சூடு வெளியேற எடமில்லாம உள்ள இருக்க காயில் கம்பி கருகிரும்."

"மாட்டு சகாயம். தாங்குற வரைக்கும் தாங்கட்டும்" என்றான் தரணீதரன். வேலை முடிந்ததும் ஆம்பின் சத்தம் கூட்டும் திருகைக் கடைசி வரைக்கும் அவனே திறந்துவிட்டான்.

அவன் ஏன் அதை வாங்கினான் என்று அவளுக்குத் தெரியும். அவளோடு ஒரே காரில் அமைதியாக வர அவனால் முடியவில்லை.

ஏழாவது மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. அந்த வாரம் ஷிப்மென்ட். பேக்கிங் பகுதியை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நின்றபடியே பெட்டிகளைச் சரிபார்த்தவளுக்கு, வயிற்றில் அசைவே இல்லையென்பது மதியம்தான் உறைத்தது. போய் அவனிடம் சொன்னாள். கன்டெய்னர் கிளம்பட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். கன்டெய்னர் கிளம்பியது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் கருவியின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து, ஒவ்வொரு முறையும் குதிரை ஓடுகிற மாதிரி வந்துகொண்டிருந்த சத்தம் அன்றைக்கு வரவில்லை. வெறும் இரைச்சல்தான் வந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமியார் சுப்பாத்தாள், "தாங்குற ஒடம்பு இல்லீங்க அவளுக்கு" என்று சொன்னது அடுத்த அறையில் படுத்திருந்த பூங்குழலிக்குக் கேட்டது. அந்த வீட்டில் எதையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள். தரணீதரன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகுதான் ஊஃபர். காரில் ஏறி உட்கார்ந்ததும் அவன் சத்தத்தைத் திறந்துவிடுவான். அது காதுக்கு வருவதற்கு முன்னால் தொடை எலும்பில் ஏறி, இடுப்பில் பரவி, இன்னும் முழுதாக ஆறாத அடிவயிற்றில் போய் முட்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். முந்தின நாள் சோமனூர் போய்த் திரும்பும்போது, அடி ஒவ்வொன்றும் உடைந்து கரகரத்து, கடைசியில் கருகின வார்னிஷ் வாடை காலுக்கடியிலிருந்து எழும்பியது. சத்தம் நின்றது. அவள் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள்.

இப்போது துடிக்கிறது.

பாட்டின் தாளம் இல்லை. அதைவிட வேகம். சீராக, விடாமல், சின்னதாக. குதிரை ஓடுகிற அந்த வேகத்தை அவள் உடம்பு அவளுக்கு முன்னால் அடையாளம் கண்டுகொண்டது. பால் கட்டினது போல மார்பு கனத்து வலித்தது.

தரணீதரன் திரும்பி வந்ததும் சொன்னாள். "ஏனுங்க, கீழ துடிக்குதுங்க."

வண்டி சூடேறினால் அப்படித்தான் இருக்கும் என்றான். மறுநாளும் சொன்னாள். அவன் எரிச்சலோடு இறங்கி, பானெட்டைத் திறந்து, ஊஃபருக்குப் போகிற ஃபியூஸைப் பிடுங்கி அவள் மடியில் போட்டான். இனி அந்தப் பக்கம் ஒரு பொட்டுக் கரண்டு போகாது என்றான். அவள் ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துடிப்பு கொஞ்சமும் குறையவில்லை. அவன் கதவு ஸ்பீக்கர்களின் சத்தத்தைக் கூட்டினான். ஆனால் கியர் மாற்றும்போது அவன் கை அவள் இருக்கையின் ஓரத்தில் பட்டது. சுட்டது போல் இழுத்துக்கொண்டான். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவனும் கேட்டுக்கொண்டுதான் வருகிறான்.

ஞாயிற்றுக்கிழமை பின்மதியம் சகாயராஜின் கடைக்குப் போனார்கள். மேற்கே மழை இருட்டிக்கொண்டு நின்றது. தெரு முழுக்கக் கரண்டு இல்லை. கடைக்குள் ரெக்ஸின் வாடை, பசை வாடை, வாசலிலிருந்து வந்த சாம்பல் வெளிச்சம். பின்சுவர் நெடுகக் கீழேயிருந்து கூரை வரைக்கும் விற்பனைக்கு மாட்டியிருந்த ஊஃபர்கள், சின்னதும் பெரிதுமாக, கறுப்பு வட்டங்களாகத் தெரிந்தன.

சகாயராஜ் இருக்கைக்கு அடியிலிருந்து பெட்டியை உருவி, ஒயர்களை வெட்டி, ஊஃபரைத் தனியாகக் கழற்றி மேசையில் வைத்தான். அசைத்துப் பார்த்தான். உள்ளே காயில் கருகிக் கட்டியாகி ஒட்டிக்கொண்டது, நடுவில் இருக்கிற கோன் என்ற கறுப்புத் தாள் இனி அசையவே அசையாது என்றான்.

"செத்துப்போச்சுண்ணே. நான் அன்னைக்கே சொன்னேன்."

அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிதாக ஒன்று மாட்டச் சொன்னான் தரணீதரன். சகாயராஜ் பக்கத்துக் கடையில் ஜெனரேட்டர் கேட்டு வரப் போனான். தரணீதரனுக்கு ஃபோன் வந்தது. ஏதோ துணி ரிஜெக்ட் ஆன விஷயம். வாசலில் நின்று பேசினான்.

பூங்குழலி மேசைக்கு அருகே போனாள். வெட்டின ஒயர்கள் இரண்டும் எதிலும் சேராமல் தொங்கின. அவள் கோனின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகு உள்ளேயிருந்து ஏதோ உதைத்தது. உருண்டையான, சின்னக் குதிகால் அளவுக்கு ஒரு மேடு, கோன் தாளைத் தள்ளிக்கொண்டு அவள் கையில் முட்டி, மெல்ல நகர்ந்து, அடங்கியது.

அவள் கத்தவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"ஏனுங்க" என்றாள். "அசையுதுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். ஃபோனைக் காதிலிருந்து எடுத்தான். அவள் விரல்களுக்கு நடுவே கறுப்புத் தாள் எழும்பியதை அவனும் கண்டான். முகம் வெளுத்தது. வேகமாக வந்து அவள் கையைத் தட்டிவிட்டான்.

இரண்டு உள்ளங்கைகளையும் கோன் மேல் வைத்து அழுத்தினான்.

துடிப்பு கூடியது. மேசை கிடுகிடுத்தது. ஒரு திருகு உருண்டு விழுந்தது.

"வேண்டாங்க. விடுங்க."

விடவில்லை. முழு பாரத்தையும் போட்டு அழுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு எதையோ முணுமுணுத்தது.

தாள் கிழிந்தது.

துடிப்பு நின்றது.

அவன் மூச்சு வாங்க நிமிர்ந்தான். கையெல்லாம் கரி. சரியாகிவிட்டது என்பது போல அவளைப் பார்த்தான். வெளியே தெருவில் ஒரு சத்தமும் இல்லை. இருட்டிக்கொண்டு நின்ற மழைகூட விழவில்லை.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

கரண்டு இல்லை. அந்த ஊஃபர்கள் எதற்கும் ஒயரும் இல்லை.

மேலே ஒன்றின் கோன் உள்வாங்கியது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே ஒன்று. பிறகு எல்லாம். சின்னது, பெரியது, கூரை வரைக்கும் இருந்த அத்தனை கறுப்பு வட்டங்களும் ஒன்றாகக் குழிந்தன. இன்னும் ஆழமாக. இன்னும்.

அப்படியே நின்றன.

பிறந்த குழந்தை வீறிடுவதற்கு முன்னால், முகம் சிவக்க, வாய் திறந்தபடி மூச்சை இழுத்துப் பிடிக்குமே, அப்படி.