கவர்னரின் இடது காது

செவ்வாய்க்கிழமை, மே 2. காலை 6.47.

எத்தாளை மீனவக் கிராமத்தில் அன்று சேவல் கூவவில்லை, மக்தலேனா முந்திக்கொண்டார். அவர் போட்ட சத்தத்தில், தொலைவில் உச்சமுனையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றையே விட்டுவிட்டதாகக் கேள்வி.

"ஐயோ, திரும்பவும் காது!"

காது கவர்னருடையது. கவர்னர் ஒரு வெள்ளைப் பூனை. தராசு ஏழு கிலோ என்று சொல்லும். தூக்கிப் பார்த்தவர்கள் பதினான்கு என்பார்கள். இத்தாலிக்கு வேலைக்குப் போன மகள் ஷானிகா, பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன செல்லம். வாசற்படி தாண்டாத சீவன். அதன் இடது காதுக்குள் மறுபடியும் கறுத்த அழுக்கு, சிவப்பு, வீச்சம். பக்கத்துக் கருவாட்டு வாடியே மூக்கைப் பொத்திக்கொள்ளும் வீச்சம்.

7.10. அடுத்த வளவு வீட்டு ஜப்பார், அவசரத்தில் நேற்றுக் கழற்றிய சேட்டையே மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் புத்தளம் லைனில் முப்பத்தொரு வருஷம் ரயில் கார்ட். அத்தனை வருஷத்தில் ரயில் நேரத்துக்கு வந்தது இரண்டே தடவை. ஆனால் எத்தனை நிமிஷம் பிந்தியது என்று எழுதி வைப்பதில் ஜப்பார் ஒருநாளும் பிந்தியதில்லை. ரிட்டயராகி ஆறு வருஷமாகியும் கொப்பியும் மணிக்கூடும் அவரை விட்டுப் போகவில்லை. சைக்கிள் தொலைந்தாலும் மோதிரம் தொலைந்தாலும் ஊர் முதலில் தேடுவது அவரைத்தான். சைக்கிளையும் மோதிரத்தையும் அதற்குப் பிறகுதான்.

அவர் கதிரையில் உட்கார்ந்ததும் கவர்னர் மடியில் ஏறி, சேட் பொக்கெட்டுக்குள் மூக்கை வைத்து ஆழமாக மணந்தது. இறங்க மறுத்தது.

"பாருங்கோ, இந்த நோவிலயும் ஜப்பார் நானாவில எவ்வளவு பாசம்!" மக்தலேனா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

10.20. கிளினிக்கில் மிருக வைத்தியர் ஃபாஹிமா, காதிலிருந்து பஞ்சில் எடுத்த அழுக்கை உருப்பெருக்கியில் பார்த்தார். சின்ன வயது டொக்டர்; பெரிய வயதுக்காரர்களின் கதையை நம்பாத கண்.

"பூச்சி ஒண்டும் இல்ல. பூஞ்சணம். மருந்து விட்டாப் போகும், நிப்பாட்டினாத் திரும்ப வரும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஏதோ உள்ள போகுது. என்ன சாப்பிடுது?"

"அவிச்ச மீனும் சோறும். வேற ஒண்டும் இல்ல," என்றார் மக்தலேனா.

"கோழி?"

"மணம்கூடக் காட்டுறதில்ல, மகள். ஞாயித்துக்கிழமை கோழி சமைச்சா, கவர்னரை அறைக்குள்ள பூட்டிப்போட்டுத்தான் நாங்க சாப்பிடுறது."

"கோழி ஒத்துக்கொள்ளாத பூனைகள் கனக்க இருக்கு. சாப்பிட்டா ஒரு கிழமை, பத்து நாளில காது சொல்லும்." டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "காதுக் குழாய் தடிச்சிட்டு வருது, அன்டி. காரணம் பிடிபடாட்டி குழாயையே வெட்டி எடுக்கவேண்டி வரும். திங்கட்கிழமை முடிவெடுப்பம்."

"பிறகு கேக்குமா?"

"அந்தப் பக்கம் கேக்காது."

மக்தலேனா கவர்னரை மடிக்கு இழுத்துக்கொண்டார். ஷானிகா ஒவ்வொரு பின்னேரமும் வீடியோவில் கூப்பிடுவாள். "கவா!" என்ற குரலுக்கு முதலில் திரும்புவது அந்த இடது காதுதான். அதைப் பார்த்தால்தான் பிள்ளைக்கு அங்கே சோறு இறங்கும்.

ஜப்பார் மருந்து அட்டையை வாங்கி, காது பழுதான தேதிகளைக் கொப்பியில் எழுதினார். ஜனவரி 9. பெப்ரவரி 6. மார்ச் 8. மே 2. ஏப்ரலில் மட்டும் ஒன்றும் இல்லை.

12.40. வீட்டுக்கு வந்த ஜப்பாரின் சேட்டை மனைவி ரம்ஸியா கழற்றி வாங்கினார்.

"பொக்கெட்டில என்ன இது, வட்டமா எண்ணெய்?"

"எஞ்சின் எண்ணெயா இருக்கும்."

"ரிட்டயராகி ஆறு வருசம்! இன்னும் எந்த எஞ்சினோட கட்டிப்பிடிச்சிட்டு வாறீங்க?"

ஜப்பார் மணிக்கூட்டைப் பார்த்தார். கொலஸ்ட்ரோலுக்காகப் பின்னேரம் சந்தி வரைக்கும் நடக்கும்படி ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லியிருந்தார். ஜப்பார் ஒருநாள் தவறாமல் நடந்து, அந்த வழியே 4.15க்கு மக்தலேனா வீட்டில் தேத்தண்ணிக்கு நிற்பார். அன்று நடை ரத்து. வழக்கு முந்தியது.

3.30. மக்தலேனா வீட்டில் சோதனை. யன்னல்களில் வலை, நுளம்பு நுழையவே அனுமதி கேட்கவேண்டும். வேறு பூனை வந்த அடையாளம் இல்லை. கவர்னரைக் குளிப்பாட்டுவதில்லை. மீன் சட்டி மினுங்கியது. மிஞ்சியவர் ஒருவர்தான்: மக்தலேனாவின் கணவர் கில்பட். மீன்பிடியை விட்ட பிறகு சாய்கதிரையைப் பிடித்தவர்.

"கில்பட், கோழியில உனக்கு எந்தத் துண்டு விருப்பம்?"

"கால்."

"தோல்?"

"தின்னமாட்டன்."

"அப்ப தோல் எங்க போகுது?"

"குப்பைக்கு. என்ன நானா இது, பொலிஸ் விசாரணை மாதிரி?"

ஜப்பார் எழுந்து நின்றார். பச்சைக் கொடி அசைக்கும் தோரணை. "தவக்காலம் முழுக்க இந்த வீட்டில கோழி இல்ல. ஏப்ரலில காது நல்லம். உயிர்த்த ஞாயிறு முடிஞ்சுது, கோழி வந்துது, காது பழுது. தோலை மேசைக்குக் கீழ போட்டது நீதான்!"

மக்தலேனா கணவனைப் பார்த்த பார்வையில் சாய்கதிரையே நிமிர்ந்துவிட்டது.

கில்பட் அவசரப்படவில்லை. சுவரில் தொங்கிய கோயில் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். "தவக்காலம் தொடங்குற விபூதிப் புதன் எப்ப? பெப்ரவரி 22. மார்ச் 8ஆம் தேதி காது பழுது. தவக்காலம் தொடங்கி ரெண்டு கிழமை! அப்ப ஆர் கோழி குடுத்த? உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 9. அண்டைக்குத் தின்ன கோழிக்கு மே மாசம் வரைக்கும் காது காத்துக்கொண்டு இருந்ததோ? பத்து நாளில சொல்லும் எண்டுதானே டொக்டர் பிள்ளை சொன்னது?"

ஜப்பார் கொப்பியைப் பார்த்தார். கலண்டரைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் முறையாகத் தவறான ரயிலுக்குக் கொடி காட்டியிருந்தார்.

"மன்னிச்சுக்கொள், கில்பட்."

"மன்னிப்பு இருக்கட்டும். என்ர பெண்சாதிக்கு விளங்கப்படுத்திப்போட்டுப் போங்க."

5.35. ஜப்பார் தன் வளவுக்குத் திரும்பினார். ரம்ஸியா கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அரை மணித்தியாலம் தேச்சும் வட்டம் போகல்ல. நோன்பு மாசத்தில எவ்வளவு நிம்மதி! ஒரு சேட்டிலயும் கறை இல்ல. பெருநாள் முடிஞ்ச கையோட திரும்பத் தொடங்கிட்டு."

ஜப்பார் அப்படியே நின்றார்.

அந்த வருஷம் தவக்காலமும் நோன்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்திருந்தன. நோன்பு தொடங்கியது மார்ச் 24. பெருநாள் ஏப்ரல் 22. அதிலிருந்து பத்து நாள்: மே 2.

அவர் கொடியிலிருந்து ஈரச் சேட்டை உருவினார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"சாட்சி. நீயும் வா."

5.50. கில்பட் வீட்டு முன்னறை. எல்லோரும் இருந்தார்கள். கவர்னர் தலையைச் சாய்த்துக்கொண்டு நடுவில்.

"குற்றவாளி தவக்காலம் காக்கிற ஆளில்ல," என்றார் ஜப்பார். "நோன்பு பிடிக்கிற ஆள்."

கில்பட் மெதுவாக ரம்ஸியாவைப் பார்த்தார்.

"என்ன ஏன் பாக்கிறீங்க? எனக்குப் பூனையெண்டாத் தும்மல்!"

"நான்தான்," என்றார் ஜப்பார்.

கடலில் அலைகூட ஒரு நிமிஷம் நின்றது. சத்தியம், கொப்பியில் இருக்கிறது.

"ஒவ்வொரு பின்னேரமும் சந்திக் கடையில எண்ணெயில பொரிச்ச ரெண்டு கோழி ரோல்ஸ். ஒண்டை வழியில தின்னுவன். மற்றதைக் கடதாசியில சுத்திப் பொக்கெட்டில வச்சுக்கொண்டு இஞ்ச வருவன், திரும்பிப் போகக்குள்ள தின்ன. கவர்னர் மணத்துக்குக் கத்தத் தொடங்குவார். மக்தலேனா தேத்தண்ணி ஊத்த உள்ள போவா, கில்பட் கண்ணை மூடியிருப்பான். வாயை அடைக்க, வெங்காயத்தை ஒதுக்கிப்போட்டு ரெண்டு நார் இறைச்சி குடுப்பன். லஞ்சம். நோன்பில பகல் ரோல்ஸும் இல்ல, தேத்தண்ணியும் இல்ல, லஞ்சமும் இல்ல."

"டொக்டர் கோழியெண்டு கேக்கக்குள்ள வாயில என்ன வச்சிருந்தீங்க, நானா?" என்று மக்தலேனா கேட்டார்.

"அதை நான் கோழியெண்டு நினைக்கல்ல, தங்கச்சி. ரோல்ஸ் எண்டுதான் நினைச்சன். இந்த வீட்டுக்கு வந்து போற எல்லாரையும் எண்ணினன். கார்ட் ரயிலில எல்லாரையும் எண்ணுவான். தன்னை மட்டும் எண்ணமாட்டான்."

யார் முதலில் சிரிப்பது என்று தெரியாமல் அறை திணறியது. கில்பட் சாய்கதிரையில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். மக்தலேனா கோபப்பட எவ்வளவோ முயன்றார்; முடியவில்லை.

ரம்ஸியா மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டு ரோல்ஸ்," என்றார். "ஒவ்வொரு நாளும். கொலஸ்ட்ரோலுக்கு நடை."

ஜப்பார் ஈரச் சேட்டைப் பிழிந்தார். பிழிவதற்கு அதில் தண்ணீர் மிஞ்சியிருக்கவில்லை.

திங்கட்கிழமை டொக்டர் முழுக் கதையையும் கேட்டார். வெட்டுவதை நிறுத்தி, எட்டுக் கிழமை தவணை கொடுத்தார்: மருந்து, மீன், சோறு, ஒரு நார் கோழியும் இல்லை. "அங்கிளுக்கும் அதே சாப்பாடுதான் நல்லம்," என்று அட்டையின் அடியில் எழுதிக் கையெழுத்தும் வைத்தார். ரம்ஸியா அந்த அட்டையைப் பிரதி எடுத்துக் குசினியில் அடுப்புக்கு மேல் ஒட்டினார்.

ஜூலை 3. தவணை முடிந்த நாள். காது பூப்போல வெளுத்திருந்தது. குழாயின் தடிப்பும் வற்றியிருந்தது.

அன்று பின்னேரம் கில்பட் வீட்டுப் படலையில் ரம்ஸியா நின்று, ஜப்பாரின் பொக்கெட்டுகளை உள்ளே வெளியே புரட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில்கூட அப்படிச் சோதனை இல்லை. கவர்னர் ஓடிவந்து மடியில் ஏறியது, பொக்கெட்டை மணந்தது, அவர் முகத்தை ஒருமுறை பார்த்தது, இறங்கி கில்பட்டிடம் போய்விட்டது. இவ்வளவு நாள் பாசத்தின் விலை அப்போதுதான் தெரிந்தது.

மேசையில் போன் ஒலித்தது. திரையில் ஷானிகா.

"கவா!"

இடது காது சட்டென்று திரும்பியது. மக்தலேனா வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜப்பார் கொப்பியைத் திறந்து எழுதினார்:

மாலை 4.15. வீட்டில் இருப்போர்: கில்பட், மக்தலேனா, ரம்ஸியா, ஒரு பூனை.

கொஞ்சம் யோசித்தார். பேனையை மறுபடி எடுத்தார்.

ஒரு கார்ட்.