நைனாவுக்கு வழி விட்ட லாரி

ஒரு வாரமாக ரமாபாய் தன் தம்பிக்கு ஒரே ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“எங்க, சொல்லு பாக்கலாம். நைனா, எப்ப வருவே?”

தம்பி பகலவனுக்கு இரண்டரை வயது. அக்காவின் முகத்தைக் கூர்ந்து பார்ப்பான். நன்றாக யோசிப்பான். பிறகு, “பிஸ்கோத்து” என்பான்.

“பிஸ்கோத்து அப்பறம். மொதல்ல நைனா.”

“ரெண்டு பிஸ்கோத்து” என்பான் பகலவன்.

ரமாபாய் விடுவதாக இல்லை. நைனா என்றால் அப்பா. பெயர் அறிவு. சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். அவர் புறப்பட்டுப் போனபோது பகலவன் குப்புற விழக்கூடப் பழகவில்லை. அவன் பேசி நைனா கேட்டதே இல்லை. போன் கார்டு போட்டுப் பேசினால், ‘நல்லா கீறியா, நல்லா கீறேன்’ என்பதற்குள்ளேயே தீர்ந்துவிடும்.

நல்லவேளையாகத் திருவொற்றியூரில் அவர்கள் தெருமுனைப் படிப்பகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. இண்டர்நெட்டும் வந்தது. நைனா தங்கியிருந்த விடுதியிலும் இரண்டு கம்ப்யூட்டர்கள் உண்டு. ஆனால் அங்கே இருநூறு பேர். அதனால் ஆளுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு, அதுவும் கால் மணி நேரம்தான். நைனாவின் முறை நம் ஊர் நேரப்படி பத்து மணியிலிருந்து பத்தேகால் வரை. அதற்கு மேல் ஒரு நிமிடம் உட்கார்ந்தாலும் அடுத்தவர் வந்து தோளைத் தட்டுவார்.

அந்த ஞாயிறும் வந்தது. அம்மா பட்டம்மாள் பகலவனுக்குத் தலை வாரி, பவுடர் பூசி, புதுச்சட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அம்மா, நைனாவுக்கு இவன் மூஞ்சி தெரியாது. குரல் மட்டுந்தான் கேக்கும்” என்றாள் ரமாபாய்.

“கேக்கட்டுமே. பவுடர் போட்டாதான் புள்ள நல்லா பேசும்” என்றாள் அம்மா.

படிப்பகத்தின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது குணசேகரன் அண்ணன். பாலிடெக்னிக்கில் படிப்பவர். அந்தக் கம்ப்யூட்டரை இயக்க, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளைப் போட்டதும் அவர்தான். அதற்கு மேலே சுவரில் லினக்ஸின் அடையாளமான பென்குயினைத் தம் கையாலேயே வரைந்து வைத்திருந்தார். தெருப்பிள்ளைகள் அதைக் காக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குத் திரையில் ஒரு கறுப்புக் கட்டம் திறந்திருந்தது. அதில் வெள்ளை எண்கள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. எழுபத்தொன்பது சதவீதம்.

“உங்க ஸ்கூலுக்குத்தாம்மா” என்று குணசேகரன் முந்தின நாளே சொல்லியிருந்தார். “தமிழ் எழுத்தோட வர்ற புது லினக்ஸு. முழுசா எறங்கட்டும், சி.டி.யில போட்டு திங்கக்கெழம எச்.எம். கையில குடுக்கறேன்னு சொல்லிகீறேன். நடுவுல யாராச்சும் அத்த மூடினீங்க, மறுபடியும் மொதல்லேர்ந்துதான்!”

ரமாபாயின் பள்ளியில் மூன்று கம்ப்யூட்டர்கள், உள்ளே போட மென்பொருள் இல்லாமல், ஒரு வருடமாகத் துணி போர்த்திக்கொண்டு தூங்கின. கம்ப்யூட்டர் வகுப்பில் எல்லோரும் ஸ்கேல் வைத்துக் கம்ப்யூட்டர் படம் வரைவார்கள். ரமாபாய்க்குப் போன பரீட்சையில் மவுஸின் வாலுக்கு மட்டும் ஒரு மதிப்பெண் போயிருந்தது.

மணி பத்து. ஸ்பீக்கரில் டிரிங் என்றது.

“நைனா!” என்றாள் ரமாபாய்.

“ரமா... கண்... டிர்ர்ர்... சாப்... தம்பி... க்கூ... எங்...”

“இன்னாங்க? ஒண்ணுமே புரியல!” என்று அம்மா கத்தினாள். கத்தினால் சிங்கப்பூருக்குக் கேட்கும் என்பது அம்மாவின் நம்பிக்கை. “அய்யே, கடுகு வெடிக்கற மாரி கேக்குதே!”

பகலவன் பயந்துபோய் அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். “டிர்ர்ர்” என்றது ஸ்பீக்கர். அவன் ஓவென்று அழ ஆரம்பித்தான்.

மணி பத்து மூன்று.

பக்கத்தில் படக்கதை படித்துக்கொண்டிருந்த சாபிரா எழுந்து வந்தாள். ரமாபாயின் வகுப்புத் தோழி. திரையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இதாண்டி வேலை காட்டுது. இருக்கற ஒரு லைனையும் இதுவே இழுத்துக்குது. மூடிடு.”

“குணசேகரன் அண்ணன் எங்க?”

“எதிர்ல டீ குடிக்கப் பூட்டாரு. அவரு வர்றதுக்குள்ள உங்க நைனா டைம் முடிஞ்சிரும். அந்தப் பெருக்கல் குறிய அமுக்கு, அவ்ளோதான்!”

ரமாபாயின் விரல் மவுஸின் மேல் இருந்தது. அம்புக்குறி பெருக்கல் குறியின் மேல் போய் நின்றது. ஒரே ஒரு அமுக்கு. நைனாவின் குரல் வந்துவிடும். இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம்.

எண்பது சதவீதம் என்று காட்டியது கறுப்புக் கட்டம். துணி போர்த்திய மூன்று கம்ப்யூட்டர்களும் அவள் கண்முன் வந்து நின்றன. குணசேகரன் அண்ணன் நாளைக்கு எச்.எம். முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதும் தெரிந்தது.

அவள் விரலை எடுத்தாள்.

“அம்மா, லைன வெக்க வேணாம்னு நைனாகிட்ட சொல்லு. தோ வந்துர்றேன்!” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

டீக்கடை எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம். பேர்தான் எக்ஸ்பிரஸ். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருக்கும். இடையில் ஒரு பூனை நுழையவும் இடமிருக்காது.

“ஏட்டி, நில்லு! எங்க இந்த ஓட்டம் ஓடுத?” என்று ஒரு குரல் அவளை நிறுத்தியது. டிராபிக் கான்ஸ்டபிள் சிலுவையம்மாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தினமும் பள்ளிப் பிள்ளைகளைக் கடக்க வைப்பவர் அவர்தான்.

“அக்கா, அர்ஜெண்ட்!”

“அர்ஜெண்ட்டுன்னா லாரி பறந்தா போவும்? இரு.”

ஒரு லாரி போயிற்று. இரண்டு, மூன்று. சிலுவையம்மாள் விசில் ஊதிக் கையை உயர்த்தினார். நான்காவது லாரி புஸ்ஸென்று மூச்சு விட்டு நின்றது. மீன்கூடை, சைக்கிள், ஷேர் ஆட்டோ எல்லாம் கடந்தன. அவற்றோடு ரமாபாயும் கடந்தாள்.

குணசேகரன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு அவளோடு வந்தார். திரும்பி வரும்போதும் லாரிகள்.

“தப்பு என்னுதுதான்” என்று தலையைச் சொறிந்தார் அவர். “பத்து மணிக்கு நைனா பேசுவாருன்னு எனக்கு ஞாபகமே இல்ல. போனவுடனே அத்த நிறுத்திடறேன். எச்.எம். கிட்ட நான் திட்டு வாங்கிக்கறேன், வுடு.”

ரமாபாய் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று லாரிகள் போயின. விசில். நான்காவது நின்றது. அதன் டிரைவர் கோபப்படவே இல்லை. பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். ஆட்கள் கடந்ததும் லாரி மறுபடி கிளம்பியது. அது வந்த வழியே திரும்பிப் போகவும் இல்லை, சரக்கைக் கீழே கொட்டவும் இல்லை. அரை நிமிடம் தாமதம், அவ்வளவுதான்.

“அண்ணா!” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “நிறுத்த வேணாம். உங்களுது லாரி. நைனா பேசறது சைக்கிள். லாரி மொத்த ரோட்டையும் அடைச்சிகினு போறதாலதான சைக்கிள் வர முடியல? லாரிய மெதுவா வுட்டா போதாதா? நம்ம கம்ப்யூட்டர்ல இந்த அக்கா மாரி யாராச்சும் இருந்தா...”

குணசேகரன் அவளைப் பார்த்தார். சிலுவையம்மாளைப் பார்த்தார். பிறகு தம் தலையிலேயே ஒரு போடு போட்டுக்கொண்டார்.

“கீதும்மா! டிராபிக்குக்குன்னே லினக்ஸுல ஒரு கட்டளை கீது! எதுக்குன்னு தெரியாமலே நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். வா, வா!”

அவர்கள் படிப்பகத்துக்குள் நுழைந்தபோது மணி பத்து ஒன்பது. அம்மா இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தாள். “வெச்சிடாதீங்க! வெச்சிடாதீங்க!”

குணசேகரன் மூலை மடிந்த நோட்டைப் புரட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டினார். “லைன்ல முக்கால் பங்கு லாரிக்கு, கால் பங்கு சைக்கிளுக்கு.”

“ரமா... நல்லா... டிர்ர்... கேக்...” என்றது ஸ்பீக்கர்.

“கொஞ்சம் தேவல” என்றாள் சாபிரா.

“போதாதுண்ணா. பாதிப் பாதி வுடுங்க” என்றாள் ரமாபாய்.

அவர் எண்ணை மாற்றித் தட்டினார். கறுப்புக் கட்டத்தில் ஓடிய எண்கள் வேகம் குறைந்து நிதானமாக நடந்தன. ஆனால் நிற்கவில்லை. எண்பத்தொன்று.

“...ஹலோ? ரமா? பட்டு? இருக்கீங்களா?”

பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் அவ்வளவு சுத்தமாக வந்தது நைனாவின் குரல்.

“இருக்கோம் நைனா!” என்றாள் ரமாபாய். அவள் குரல்தான் இப்போது உடைந்திருந்தது. “தோ, தம்பி பேசறான். டேய், சொல்லு.”

பகலவன் அழுகையை நிறுத்தி ஸ்பீக்கரைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

“லாரி” என்றான். “பெர்ர்ர்ச்சு!”

அந்தப் பக்கம் நைனா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பகலவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்து, அதில் வாயை வைத்து, ஒரு வாரப் பாடத்தை ஒப்பித்தான்.

“நைனா, எப்ப வருவே?”

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

“அய்யோ, லைன் கட்டாயிடுச்சா?” என்று பதறினாள் அம்மா.

குணசேகரன் திரையைப் பார்த்தார். “இல்லக்கா. லைன் நல்லாத்தான் கீது. அறிவு அண்ணன்தான் பேசல” என்றார் மெதுவாக.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சும் சத்தம் சிங்கப்பூரிலிருந்து தெளிவாகக் கேட்டது.

“பொங்கலுக்கு வந்துர்றேன்டா என் ராஜா” என்றார் நைனா. “ரமா, யாரும்மா லைன சரி பண்ணது? அவங்களுக்கு நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு சொல்லு.”

குணசேகரன் ரமாபாயைக் கை காட்டினார். ரமாபாய் குணசேகரனைக் கை காட்டினாள். சாபிரா நடுவில் நின்று இருவரையும் கை காட்டினாள். பகலவன் பிஸ்கட் கேட்டான்.

மதியம் இரண்டு மணிக்கு நூறு சதவீதம் வந்தது. அன்றைக்கு ரமாபாய்க்கு எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. குணசேகரன் அண்ணனுக்குச் சொன்னாள். சுவரில் இருந்த காக்காவுக்கும் சொன்னாள். ஒருவர் மட்டும் பாக்கி இருந்தார்.

மறுநாள் காலை. எக்ஸ்பிரஸ் ரோடு. குணசேகரன் கொடுத்த சி.டி. ரமாபாயின் பையில் இரண்டு நோட்டுகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது.

“அக்கா, ரொம்ப தேங்க்ஸ்” என்றாள் அவள்.

“எதுக்கு?” என்றார் சிலுவையம்மாள்.

“எங்க நைனாவ ரோடு கிராஸ் பண்ண வெச்சதுக்கு.”

“நான் எங்க உங்க அப்பாவப் பாத்தேன்? எப்ப கடந்தாரு?”

“நேத்து பத்து பத்துக்கு. சிங்கப்பூர்லேர்ந்து.”

சிலுவையம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் காலை வேளையில் ஒரு பிள்ளை வலிய வந்து நன்றி சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டே விசிலை வாயில் வைத்துக் கையை உயர்த்தினார்.

நாற்பதடி நீள லாரி ஒன்று புஸ்ஸென்று நின்று ரமாபாய்க்கு வழி விட்டது. அவள் நிமிர்ந்து பார்த்து, அந்த டிரைவருக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டுக் கடந்து போனாள்.