பதினேழாம் நம்பர் வெல்டர்

காலையிலிருந்தே ஹெலனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் புருஷன் ராபின் ஃபோர்மேனாக இருக்கும் நீலக்கரை மரைன் கம்பெனிக்கு இருபத்தைந்து வயது ஆகிறதாம். கும்மிடிப்பூண்டி ஷெட்டில் படகு கட்டத் தொடங்கிய நாளிலிருந்து அதன் கதையைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். எழுதுகிற நர்மதா என்ற பெண் ராபினிடம் பேச வீட்டுக்கே வந்துவிட்டாள். புதுக் கோப்பை என்ன, கேக் என்ன! ஓரகத்தி ஞானம்மாவுக்கு மட்டும் ஒரே உத்தரவு.

"அக்கா, நீங்க உள்ளயே இருங்க."

ஞானம்மா உள்ளேயே இருந்தாள். புருஷன் பாக்கியநாதன் போய் மூன்று வருஷமாகிறது. கொழுந்தன் வீட்டில் ஒண்டியிருப்பவளுக்கு அடுப்படிதானே இடம்!

கூடத்தில் நர்மதா தான் எழுதியதை ராபினுக்கு வாசித்துக் காட்டினாள். கம்பெனியின் முதல் இழுவைப் படகை லாரியில் காட்டுப்பள்ளிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கினார்கள். விருந்தாளிகள் கைதட்டி ஓய்வதற்குள் அடியில் தண்ணீர் கசிந்தது. தகடுகளை இணைக்கிற ஒவ்வொரு வெல்டரும் முடித்ததும் தன் நம்பரை அந்த இடத்துக்குப் பக்கத்தில் சுத்தியலால் அடித்து வைப்பது வழக்கம். கசிந்த இடத்தில் இருந்தது பதினேழு. பதினேழாம் நம்பர் வெல்டரை அன்றே வேலையைவிட்டு நீக்கினார்கள்.

"அது எங்க ஊட்டுக்காரரு அண்ணன்தாம்மா. சொந்தம்னு மட்டும் போட்றாத, வெளிய தெரிஞ்சா பேஜாராப் பூடும்" என்று ஹெலன் குழைந்தாள்.

ஞானம்மாவுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. அதற்கப்புறம் ஏதோ ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நின்று நின்றே தேய்ந்துபோன மனுஷன். குடும்பத்தை ஓட்ட ஐஸ் இறாலை உரித்து உரித்து விரல் வெந்துபோனவள் அவள். எல்லாவற்றையும் பொறுத்தாள். ஆனால் புத்தகத்தில் ஏறிவிட்டால்...? அவள் செத்தபிறகும் அந்தப் பழி அப்படியே இருக்குமே!

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அம்மாடி, அந்த ஒரு வரிய எடுத்துடு. ராபினப் பத்தி எவ்ளோ ஒசத்தியா வேணாலும் எழுதிக்கோ."

ரெக்கார்டில் இருப்பதைத்தானே எழுதினேன் என்று நர்மதா தயங்கினாள். ஹெலனோ சீறினாள். வேலை தெரியாத மனுஷனால் இந்த வீடே தலைகுனிந்தது, அவர் பெண்டாட்டிக்கு ரோஷம் வேறயா என்றாள். ஞானம்மா ராபின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதுதான் அவனை உடைத்தது.

"போதும் ஹெலன்... அந்த வெல்டிங்க வச்சது நானு."

ராபின் எழுந்து நின்றான்.

"வெல்டர் டெஸ்ட்டு நான் பாஸாவல அப்ப. கை பழகட்டும்னு அண்ணன் கடைசி ஒரு முழம் என்னாண்ட குடுத்தாரு. அவரு நம்பரயும் நாந்தான் ஆசையா அடிச்சேன். கசிஞ்சதும் ஒத்துக்கப் போனேன்... 'உன்ன அப்புறம் எவனும் சேத்துக்க மாட்டான்டா'ன்னு என் வாயப் பொத்திட்டாரு. அண்ணிக்கும் தெரியும். அவங்க உழைப்புல சாப்ட்டுக்கினு, இத்தினி வருஷம் நான் கம்முனு இருந்துட்டேன்..."

ஹெலனுக்கு முகம் வெளுத்தது. ஞானம்மாவின் வெந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"ஏங்க்கா ஒரு நாளாவது சொல்லல? இன்னா பேச்செல்லாம் பேசிக்கினு இருந்தேன்..."

"அவரு சொல்லக் கூடாதுன்னாரு" என்று ஞானம்மா அவளை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

வேலை போனாலும் பரவாயில்லை, நடந்தபடி எழுதும்மா என்றான் ராபின். பழக்கத்தில் வேண்டாமென்று சொல்ல ஞானம்மா வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். இந்த ஒரு தடவை தடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நர்மதா பழைய வரியை அடித்துவிட்டுப் பாக்கியநாதன் பெயரை எழுதினாள். பக்கத்தில் என்ன வேலை என்று போடுவது எனக் கேட்டாள். சாகும்வரை அவர் பார்த்தது வாட்ச்மேன் வேலைதான்.

ஞானம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெல்டருன்னு போடும்மா."