நிற்பதற்குக் கோடு இல்லை

பள்ளிக்கு விடுமுறை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. அதனால் அவன் மகளையும் கையோடு அலுவலகத்துக்குக் கூட்டி வந்திருந்தான். காலையிலிருந்தே தூறல். பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டிய இருட்டு.

ஒரு காலத்தில் அச்சகமாக இருந்த கட்டடம் அது. இயந்திரங்களை எப்போதோ தூக்கிப் போய்விட்டார்கள். ஆனாலும் மழை நாளில் சுவரிலிருந்து மை வாடை கிளம்பும். இப்போது அங்கே கணினி விளையாட்டுகள் தயாரிக்கிறார்கள். உடம்பெல்லாம் உணர்கருவிகள் ஒட்டிய உடையைப் போட்டுக்கொண்டு ஒருவர் கூடத்தில் நடந்தால், திரையில் பொம்மை நடக்கும். அந்த அசைவைப் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். எந்த அசைவு எப்போது வர வேண்டும் என்று நிரல் எழுதி ஏவுவது அவன் வேலை.

இப்போது செய்துகொண்டிருந்தது ஒரு பேய் விளையாட்டு. அதில் வரும் பேய்க்கு அசைவு கொடுத்தவள் அவன் மனைவி. சின்ன வயதில் அடிபட்டதில் அவளுக்கு இடது கால் லேசாக இழுக்கும். அந்த நடைக்காகவே அவளைப் பிடித்துப் போட்டார்கள். "உயிரோட இருக்கும்போதே என்னைப் பேயாக்கிட்டீங்களே" என்று சிரித்தவள், போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். வாய்விட்டுச் சொல்லக் கூடாத பேச்சு என்று சில இருக்கத்தான் செய்கின்றன.

"அப்பா," என்றாள் குட்டி, நாற்காலியில் கால் ஆட்டியபடி. "அம்மா எப்படி நடப்பாங்க? எனக்கு மறந்துபோச்சு."

இந்தக் குழந்தையின் மனசிலும் அவள் அழிந்துவிட்டால், அப்புறம் அவள் எங்குமே இல்லை. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த பயம் அதுதான்.

மனைவியின் உருவத்தைத் திரையில் திறந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் திரும்பி நம்மைப் பார்த்து நடந்து வருவதும் பதிவில் இருந்தது. 'வா' என்று ஓர் ஏவல் எழுதி, விசைப்பலகையில் ஒரு விசையோடு இணைத்தான்.

"இதைத் தட்டு. அம்மா வருவாங்க."

குட்டி தட்டினாள். உருவம் அசையவில்லை. மறுபடி தட்டினாள். பிறகு கோபத்தில் படபடவென்று தட்டித் தீர்த்தாள்.

தப்பு அவனுடையதுதான். ஒவ்வோர் அசைவையும் ஒரு கட்டமாகக் காட்டும் வரைபடத்தில், நிற்கும் கட்டத்திலிருந்து நடக்கும் கட்டத்துக்குக் கோடு போட்டால்தான் ஏவல் அந்த வழியே போகும். கோடு இல்லையென்றால் ஏவல் காற்றோடு போய்விடாது. வழி திறக்கும்வரை காத்துக் கிடக்கும். அதனால் கோடு போடும் முன் தேங்கிய ஏவலை அழிக்க வேண்டும். நடந்து முடிந்தபின் நிற்பதற்குத் திரும்பி வரும் கோட்டையும் போட வேண்டும். இந்தத் தொழிலில் அரிச்சுவடி இது.

தேங்கியதை அழிக்காமல் போகும் கோட்டை மட்டும் போட்டிருந்தான், இன்னும் ஓடவிட்டுப் பார்க்கவில்லை. அதற்குள் மேலாளர் வந்து நின்றார்.

"இன்னும் அழிக்கலையா? செத்தவங்க அசைவை வித்துப் பிழைக்க வேணாம்ப்பா, பாவம். புதுப் பொண்ணு உடை மாட்டிக்கிட்டு நிக்குது. அவங்க பதிவையெல்லாம் எடுத்துட்டு, அந்த வரைபடத்தை இந்தப் பொண்ணோட உருவத்துல மாட்டு. சீக்கிரம்."

பதறிய காரியம் சிதறும். அவன் பதறினான். மனைவியின் அசைவுகளை ஒவ்வொன்றாக அழித்தபோது கண்ணீர் மறைத்தது. திருத்தாத வரைபடத்தை அப்படியே தூக்கிப் புது உருவத்தில் மாட்டினான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூடத்தில் புதுப் பெண் கையை உயர்த்தினாள். திரையில் உருவமும் உயர்த்தியது. அவள் கையை இறக்கினாள்.

உருவம் இறக்கவில்லை.

மை வாடைக்கு நடுவே வேறொரு வாடை வந்தது. மருத்துவமனையில், அவள் தலைமாட்டில் அவன் உட்கார்ந்திருந்த நாட்களின் மருந்து நெடி.

திரையில் உருவம் கையைத் தொங்கவிட்டு, முதுகைக் காட்டி நின்றது.

கூடத்தில் அந்தப் பெண்ணும் மெல்ல முதுகைக் காட்டினாள்.

பிறகு திரும்பினாள். நடந்தாள். இடது கால் லேசாக இழுத்தது.

"சார்," என்றாள். "நான் நடக்கலை சார். கால் தானாப் போகுது."

உடம்பிலிருந்து திரைக்குப் போக வேண்டியது, திரையிலிருந்து உடம்புக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலாளர் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா!"

அவன் எட்டிப் பிடிப்பதற்குள் குட்டி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். போய் அந்தக் கால்களை இறுகக் கட்டிக்கொண்டாள். கால்கள் நிற்கவில்லை. குழந்தையையும் இழுத்துக்கொண்டு நடந்தன.

அவன் விசைகளைத் தட்டினான். எதைத் தட்டி என்ன பிரயோசனம்? நிற்பதற்கு அவன் கோடே போடவில்லையே. கடைசியில் மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தான்.

திரை அணைந்தது. அந்தப் பெண் துணி மூட்டையாகத் தரையில் சரிந்து அழ ஆரம்பித்தாள். பேயறைந்தவர் போல நின்ற மேலாளர், "குழந்தையைக் கூட்டிட்டுப் போ. முதல்ல போயிடு" என்று மட்டும் சொன்னார்.

வெளியே தூறல் விட்டிருந்தது. எதிரே லாரிகள் ஓயாமல் போகும் சாலை. நல்ல வெளிச்சத்தையும் மனிதர்களையும் பார்த்ததும் அவனுக்கு மூச்சு வந்தது. கண்டதையும் நினைத்துக் குழம்பக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டான். வண்டிச் சாவியைத் தேட, குட்டியின் கையை விட்டான்.

அவள் நடக்க ஆரம்பித்தாள்.

"குட்டி, நில்லு."

அவள் நிற்கவில்லை. சாலையைப் பார்த்தே நடந்தாள்.

அவளுடைய இடது கால் இழுத்தது.

"ஏய், நில்லுடா கண்ணு! நில்லு!"

லாரி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு வந்தது. அவன் ஓடினான். எட்டாது என்று ஓடும்போதே தெரிந்தது. நில் என்ற சொல் அவளுக்குக் கேட்காது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவன் எழுதி வைத்தது ஒரே ஓர் ஏவல். அதைச் சொன்னால் திரும்பி வருவது தன் மகள் மட்டும்தானா என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் பெற்றவன் வேறு என்ன செய்வான்?

"வா!"

சாலை விளிம்பில் அவள் திரும்பினாள். லாரி அவள் பின்னலை அசைத்துவிட்டுப் போனது. அவள் அவனைப் பார்த்து நடந்து வந்தாள், ஒரு பெரிய பெண்ணின் நிதானத்தோடு. அவன் பாய்ந்து வாரித் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான். அழுதான். முத்தமிட்டான். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று பிதற்றினான்.

"அப்பா," என்று அவள் காதோடு சொன்னாள். "நிக்க வரலைப்பா."

தரையிலிருந்து அத்தனை உயரத்தில், அவன் கைகளுக்குக் கீழே, அந்தச் சின்னக் கால்கள் இன்னும் காற்றில் நடந்துகொண்டிருந்தன.